நாலு பேர் சேர்ந்து ஆன்லைன் ஆர்பிஜி எழுதுகிறோம்: முதலில் எதைச் செய்வது?

#1 மூன்றாம்கதவு

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் நாலு பேர், திருநெல்வேலியில் ஒரே கல்லூரியில் படித்தவர்கள். இப்போது ஒருவன் சென்னையில், ஒருவன் கோவையில், ஒருவன் ஷார்ஜாவில். நான் ஊரிலேயே இருக்கிறேன். பகலில் எல்லோருக்கும் வேறு வேலை. கேம் கம்பெனியில் யாரும் இருந்ததில்லை. இரவு ஒன்பதரைக்குத்தான், அதாவது ஷார்ஜாவில் எட்டு மணிக்கு, நாலு பேரும் ஒன்றாக உட்கார முடிகிறது.

ஆர்பிஜி என்றால் ஒரு பாத்திரமாக ஆடி லெவல் ஏறும் கேம். எங்களுடையது மேலிருந்து பார்க்கிற 2டி கேம், டைல் மேப் (சிறு சதுரப் படங்களை அடுக்கிய வரைபடம்). கடற்கரை உலகம். என் அம்மா ஊர் தூத்துக்குடி உப்பளப் பக்கம், அதனால் இந்த யோசனை வந்தது. வாள் சண்டை மட்டும் இல்லாமல் உப்பு எடுப்பது, முத்துக் குளிப்பது, தோணி கட்டுவது, சந்தையில் விற்பது என்று தொழில் செய்து லெவல் ஏற வேண்டும். ஆறு ஊர், நாற்பது குவெஸ்ட், பதினாலு தொழில், கில்டு, கப்பல் பயணம். எல்லாவற்றையும் 32 பக்கத்துக்கு எழுதி வைத்திருக்கிறோம். எட்டு மாதத்தில் முதல் ரிலீஸ் என்பது திட்டம்.

எஞ்சின், அதாவது கேமைக் கட்டும் மென்பொருள், கோடோ என்று முடிவு செய்துவிட்டோம். எம்ஐடி லைசென்ஸ், யாருக்கும் பணம் கட்ட வேண்டாம். கோடோவிலேயே இருக்கும் நெட்வொர்க் வசதி போதுமா, தனியாக சர்வர் (எல்லோரையும் இணைக்கும் மைய நிரல்) எழுத வேண்டுமா என்று தெரியவில்லை. எங்களில் யாருக்கும் வரையத் தெரியாது, ஆர்டிஸ்ட் எப்படிப் பிடிப்பது? அப்புறம், சாட் முழுக்கத் தமிழில் நடக்க வேண்டும் என்று ஆசை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

#2 மணல்வீடு

தம்பி, நான் இதே மாதிரி ஒரு டீமில் இருந்தவன். 2016-ல் ஏழு பேர் சேர்ந்தோம். பதினாலு மாதம் ஓடியது. விளையாட எதுவும் மிஞ்சவில்லை. என்ன நடந்தது என்று அப்படியே எழுதுகிறேன், உங்களுக்குப் பயன்படும்.

முதல் நாலு மாதம் உலகத்தை எழுதினோம். அரச வம்சங்கள், தெய்வங்கள், மலைகளின் பெயர்கள், 140 பக்கம். அதை எழுதும்போது இருந்த சந்தோஷத்தை இப்போதும் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த நாலு மாதத்தில் ஏழு பேரில் ஐந்து பேருக்கு வேலையே இல்லை. எழுதத் தெரிந்த இரண்டு பேர் எழுதினார்கள், மற்றவர்கள் படித்து "சூப்பர்" என்றார்கள். நிரல் எழுத வந்தவனுக்கு எதை எழுதுவது என்று தெரியவில்லை. ஐந்தாவது மாதம் ஒருவர் பேச்சைக் குறைத்தார். ஆறாவது மாதம் அவர் குழுவில் இல்லை.

பிறகு ஆளுக்கு ஒரு பகுதி என்று பிரித்தோம். ஒருவர் இன்வென்டரி (ஆட்டக்காரர் வைத்திருக்கும் பொருள்கள்), ஒருவர் சண்டை, ஒருவர் குவெஸ்ட் எடிட்டர், ஒருவர் சர்வர். ஒவ்வொருவரும் தன் மெஷினில் தன் பகுதியை நன்றாகத்தான் எழுதினார்கள். ஒன்பதாவது மாதம் சேர்த்துப் பார்த்தோம், ஒன்றோடு ஒன்று பேசவில்லை. இன்வென்டரி எழுதியவர் ஒரே ஒருவர் விளையாடுவதாக நினைத்து எழுதியிருந்தார். பொருள் எல்லாம் கிளையன்டில், அதாவது ஆடுபவர் கணினியில் ஓடும் பகுதியில் இருந்தது, சர்வருக்கு அதைப் பற்றி எதுவும் தெரியாது. ஒற்றை ஆள் கேமை எழுதி முடித்து, கடைசியில் ஆன்லைன் ஆக்கலாம் என்று நினைப்பவர்கள் எல்லோரும் இடிக்கிற சுவர் இதுதான். அதைத் திருத்துவதும் புதிதாக எழுதுவதும் ஒன்று.

கடைசி அடி வேறு இடத்திலிருந்து வந்தது. சர்வர் வேலை பார்த்தவருக்கு ஊர் மாற்றம். ஹோஸ்டிங் கணக்கு அவர் பெயரில், டொமைன் அவர் கார்டில். அவர் மீது கோபமே இல்லை, அவருக்குக் குழந்தை பிறந்திருந்த நேரம். ஆனால் டொமைன் காலாவதியானது எங்கள் யாருக்கும் தெரியவில்லை. வரைந்து கொடுத்தவரிடம் எந்த லைசென்ஸில் கொடுக்கிறார் என்று எழுதி வாங்கவும் இல்லை. அதனால் மிச்சம் இருந்ததைத் திறந்த மூலமாகக்கூட வெளியிட முடியவில்லை.

ஆகவே என் யோசனை இது. 32 பக்கத்தை மூடி வையுங்கள், தூக்கிப் போட வேண்டாம். இந்த மாதமே ஒரு அறை. நாலு சுவர், ஒரு கதவு. அதற்குள் இரண்டு பேர் இரண்டு ஊரிலிருந்து வந்து நிற்க வேண்டும், ஒருவர் நடப்பது மற்றவருக்குத் தெரிய வேண்டும். தரையில் கிடக்கும் ஒரு கல்லை ஒருவர் எடுத்தால் மற்றவர் திரையில் அது காணாமல் போக வேண்டும். சர்வரை நிறுத்தி மறுபடி ஓடவிட்டால் கல் எடுத்தவர் கையிலேயே இருக்க வேண்டும். இவ்வளவு நடந்துவிட்டால் ஆன்லைன் ஆர்பிஜியின் எலும்பு உங்களிடம் வந்துவிட்டது. கணக்கு, இணைப்பு, நகர்வு, பொருள், சேமிப்பு எல்லாம் அந்த ஒரு அறைக்குள் இருக்கிறது.

#3 இரவுப்பணி

மணல்வீடு சொன்ன அந்தக் கல்லை அப்படியே வழிமொழிகிறேன். நான் சர்வர் பக்கம் வேலை பார்ப்பவன், அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

கோடோவின் உயர்மட்ட நெட்வொர்க் வசதி ஓர் அறையில் பத்துப் பேர் ஆடும் கேமுக்கு நன்றாகவே இருக்கும். கோடோவையே திரை இல்லாமல் சர்வராக ஓடவிடலாம், கிளையன்ட், சர்வர் இரண்டுக்கும் ஒரே மொழி. நாலு பேர் டீமுக்கு அது பெரிய வசதி. ஆனால் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் உலகம், டேட்டாபேஸ், நூறு பேர் என்று போகும்போது சர்வரைத் தனியாக வைத்திருந்தால் மூச்சு விடலாம். எந்த மொழி என்பது இரண்டாவது விஷயம். உங்களில் சர்வரைக் கவனிக்கப் போகிறவருக்குக் கை பழகிய மொழி எதுவோ அது. ரூன்ஸ்கேப் என்ற ஆன்லைன் ஆர்பிஜி 2001 ஜனவரியில் ஜாவாவில் வந்தது. மோசில்லா 2012-ல் வெளியிட்ட பிரவுசர்குவெஸ்ட் கேமில் நோட்.ஜேஎஸ்ஸும் (அதாவது ஜாவாஸ்கிரிப்ட்) வெப்சாக்கெட்டும். இரண்டும் ஓடின.

மாற்றவே கூடாதது ஒன்றுதான். கிளையன்ட் சொல்வதை நம்பாதீர்கள். "நான் இப்போது 40, 12-ல் இருக்கிறேன்" என்று கிளையன்ட் சொல்லக் கூடாது. "வலது பக்கம் அழுத்தினேன்" என்று மட்டும் சொல்ல வேண்டும். சுவர் இருக்கிறதா, நேரம் ஆகிவிட்டதா என்று பார்த்து, எங்கே நிற்கிறாய் என்று சர்வர் சொல்ல வேண்டும். இதை முதல் நாளே செய்யாவிட்டால் பிறகு சுவருக்குள் நடப்பவர்களைத் துரத்துவதே வேலையாகிவிடும்.

அப்படிச் செய்தால், பட்டனை அழுத்தியதும் ஆள் நகர மாட்டான், சர்வர் பதில் வரும்வரை நிற்பான். ஃபைபரில் ஒளி 1,000 கிலோமீட்டர் போய்த் திரும்பவே சுமார் 10 மில்லி செகண்ட் ஆகும், அதைக் குறைக்க யாராலும் முடியாது. வழியில் உள்ள ரூட்டர்கள் தனி. இதற்குத்தான் கிளையன்ட் முன்கணிப்பு. அழுத்தியதும் கிளையன்ட் நகர்த்திக் காட்டிவிடும், சர்வர் வேறு சொன்னால் திருத்திக்கொள்ளும். ஜான் கார்மாக் 1996-ல் குவேக் என்ற சுடும் கேமின் இணையப் பதிப்பான குவேக்வேர்ல்டில் செய்தது. மற்ற ஆட்களை ஒரு கணம் பழைய இடத்தில் காட்டி, இரண்டு நிலைகளுக்கு நடுவே வழுக்கிப் போகச் செய்ய வேண்டும், இல்லையென்றால் தவளை மாதிரி குதிப்பார்கள்.

உங்கள் கேமுக்கு இதில் பாதி தேவைப்படாது. டைல் டைலாக நடக்கிற உலகம் என்றால் சர்வர் துடிப்பை, அதாவது உலகத்தை ஒவ்வொரு முறையும் கணக்கிடும் டிக்கை, மெதுவாக வைக்கலாம். ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப்பில் ஒரு டிக் 0.6 செகண்ட். அந்த 0.6 செகண்டைச் சுற்றியே அதன் சண்டை, சமையல், மரம் வெட்டுவது எல்லாம் அமைந்திருக்கிறது. உப்பு வாருகிறவனுக்கு 60 பிரேம் துல்லியம் எதற்கு? மெதுவான டிக் என்றால் மோசமான மொபைல் டேட்டாவிலும் ஆடலாம். நம் ஆட்களுக்கு அது முக்கியம்.

டிசிபியா (எல்லாம் வரிசையாகப் போய்ச் சேர்வதை உறுதி செய்யும் அனுப்பும் முறை) யுடிபியா (உறுதி செய்யாமல் உடனே அனுப்பும் முறை) என்று அடுத்து கேட்பீர்கள். டிசிபி எடுங்கள். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டே டிசிபியில் ஓடுவதுதான். சின்னச் சின்ன பாக்கெட்டைச் சேர்த்து வைத்து அனுப்பும் வழக்கத்தை மட்டும் அணைத்துவிடுங்கள். டிசிபி நோடிலே என்ற ஒரே ஒரு அமைப்பு. அதை மறந்துவிட்டு தாமதம் எங்கிருந்து வருகிறது என்று நான் ஒரு வாரம் தேடியிருக்கிறேன்.

#4 மூன்றாம்கதவு

இரண்டு அண்ணன்களுக்கும் ரொம்ப நன்றி. நேற்று இரவு நாலு பேரும் இதைச் சத்தமாக வாசித்தோம். 32 பக்கத்தில் நெட்வொர்க் என்ற வார்த்தையே எங்கள் டாக்குமென்டில் ஒரு இடத்தில்தான் வருகிறது. மனசு கொஞ்சம் கனத்தது, ஆனால் இப்போதே தெரிந்தது நல்லது.

டொமைன் இனி குழுவின் பொது மின்னஞ்சலில். பாஸ்வேர்டு நாலு பேரிடமும்.

#5 யாழ்நிரல்

யாழ்ப்பாணத்திலிருந்து வணக்கம். நான் வேறு மாதிரிச் சொல்லப் போகிறேன். அறையை வரையவே வேண்டாம். முதலில் எழுத்திலேயே செய்யுங்கோ.

இந்த வகை விளையாட்டு முழுவதும் எழுத்திலிருந்துதான் வந்தது, அதுவும் மாணவர்களிடமிருந்து. 1978-ல் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ரோய் ட்ரப்ஷோ, ரிச்சர்ட் பார்ட்டில் இருவரும் பிடிபி-10 கணினியில் மட் (பலர் ஒன்றாக ஆடும் எழுத்து விளையாட்டு) எழுதினார்கள். ஆளுக்கு ஒரு முனையம், திரையில் வசனம் மட்டும். "நீ ஒரு பாதையில் நிற்கிறாய், வடக்கே காடு" என்ற மாதிரி. 1989-ல் சுவீடனில் லார்ஸ் பென்ஷோ எல்பிமட் செய்தார். நல்ல சாகசத்தைத் தன்னால் வடிவமைக்க ஏலாது, மற்றவர்கள் கட்டட்டும் என்பது அவருடைய எண்ணம். அதனால் இயக்கும் பகுதியைச் சி மொழியில் எழுதி, உலகத்தைக் கட்ட எல்பிசி என்று தனி மொழியே கொடுத்தார். விளையாடி மேலே வந்தவர்கள் உலகத்துக்குள்ளேயே இருந்து அறைகளை எழுதினார்கள்.

அதற்குப் பிறகு கோபன்ஹேகன் பல்கலைக்கழகக் கணினித் துறை மாணவர்கள் ஐந்து பேர் டிகுமட் எழுதினார்கள். அந்தத் துறையின் சுருக்கப் பெயர்தான் டிகு. 1991-ல் மூல நிரலை வெளியே விட்டார்கள். லாபத்துக்குப் பயன்படுத்தக் கூடாது, எங்கள் பெயரை எடுக்கக் கூடாது என்பது நிபந்தனை. மெர்க், சர்க்கிள், ரோம் என்று எத்தனையோ மட்டுகள் அதிலிருந்து கிளைத்தன. டிகுமட்டில் அறை, பிராணி, பொருள் எல்லாம் வெறும் உரைக் கோப்புகளில் இருக்கும். நிரல் தெரியாத ஒருவர்கூட ஒரு ஊரையே கட்டலாம்.

நான் படிக்கும்போது நண்பருடன் சேர்ந்து பைதனில் ஒரு சின்ன மட் எழுதினேன். மூன்று கிழமையில் பத்துப் பேர் உள்ளே வந்து கதைத்தார்கள், பொருள் மாற்றினார்கள். படம் வரைய ஆள் இல்லை என்று நாங்கள் காத்திருக்கவில்லை. உங்களிடம் 32 பக்கம் எழுத்து இருக்கிறதே, அது எழுத்து விளையாட்டுக்கு அப்படியே மூலப்பொருள்.

#6 இரவுப்பணி

யாழ்நிரல், வரலாறு நீங்கள் சொன்னது சரிதான். ஆனால் இவர்களுக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டேன். மட்டில் இடம் என்பது அறை. அறைக்குள் எங்கே நிற்கிறாய் என்ற கேள்வியே கிடையாது. டைல் மேப்பில் தலைவலியே அதுதான்: யார் யாருக்குத் தெரிகிறார்கள், யாருக்கு எதை அனுப்புவது. மூன்று மாதம் மட் எழுதிவிட்டு டைலுக்கு வந்தால் அந்தக் கணக்கைப் புதிதாகத்தான் போட வேண்டும்.

#7 யாழ்நிரல்

ஒத்துக்கொள்கிறேன், நகர்வு கிடைக்காது. ஆனால் சந்தை கிடைக்கும். முத்து என்ன விலை, உப்பு எவ்வளவு வேகமாக விளைகிறது, ஒருவன் மூட்டை மூட்டையாகப் பதுக்கினால் என்ன ஆகும் என்று எழுத்திலேயே பார்க்கலாம். இவர்களுடைய விளையாட்டு தொழில் விளையாட்டு. அல்டிமா ஆன்லைன் என்ற ஆர்பிஜி 1997-ல் வந்தபோது, புல், முயல், ஓநாய் என்று ஒன்றையொன்று தின்று வாழும் ஒரு சூழலையே வடிவமைத்திருந்தார்கள். ஆட்டக்காரர்கள் உள்ளே வந்ததும் கண்ணில் பட்டதையெல்லாம் கொன்று தீர்த்தார்கள். அந்த ஏற்பாடே கைவிடப்பட்டது. மனிதர்கள் என்ன செய்வார்கள் என்பது மனிதர்களை உள்ளே விட்டால்தான் தெரியும். அதை ஆறு மாதம் படம் வரைந்த பிறகு கண்டுபிடிப்பதைவிட இப்போதே கண்டுபிடிக்கலாமே.

#8 மணல்வீடு

இரண்டு பேர் சொல்வதும் எனக்குப் புரிகிறது. தம்பி, உங்கள் நாலு பேரில் ஒருவருக்கு மட்டும் சந்தைக் கணக்கில் ஆர்வம் இருந்தால் அவர் யாழ்நிரல் சொல்வதைத் தனியாகச் செய்து பார்க்கட்டும். மற்ற மூவரும் அறை. எங்கள் டீமில் சும்மா இருந்தவர்கள்தான் முதலில் போனார்கள் என்பதை மறுபடி சொல்கிறேன்.

இன்னொரு வழியும் இருக்கிறது, தயாராக இருப்பதைப் படிப்பது. தி மானா வேர்ல்ட் 2004-ல் தன்னார்வலர்கள் ஆரம்பித்த திறந்த மூல 2டி ஆன்லைன் ஆர்பிஜி. கிட்டத்தட்ட நீங்கள் சொல்கிற வடிவம்தான். சொந்தமாக ஒரு சர்வர் எழுத வேண்டும் என்பது அவர்கள் ஆசை, அதுவரைக்கும் என்று ஈஅதீனா என்ற சர்வரை எடுத்து ஓட்டினார்கள். கடைசியில் அதைத் தங்களுக்கு ஏற்ப மாற்றியதுதான் உலகத்தைத் தாங்கியது. ரைசம் என்ற இன்னொரு ஆன்லைன் ஆர்பிஜி 2004-ல் வணிக ரீதியாக வந்தது, 2010-ல் அதன் மூல நிரல் ஏஜிபிஎல் லைசென்ஸில் திறக்கப்பட்டது. முழு அளவிலான ஒரு ஆன்லைன் உலகத்தின் சர்வர் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பார்க்க ஆசைப்பட்டால் அதைத் திறந்து பார்க்கலாம். நம் காலத்தில் இதெல்லாம் கையில் கிடைப்பது சாதாரண விஷயம் இல்லை.

#9 பிக்சல்புள்ளி

இந்த இழையை முதலிலிருந்து வாசித்தேன். நான் பிக்சல் ஆர்ட், அதாவது புள்ளி புள்ளியாகக் கேம் படம், வரைபவள். "ஆர்டிஸ்ட் எப்படிப் பிடிப்பது" என்ற கேள்விக்கு யாரும் இன்னும் பதில் சொல்லவில்லை, நான் சொல்கிறேன்.

முதலில் கணக்கு. பதினாலு தொழில், ஒவ்வொன்றுக்கும் ஆண், பெண் என்றால் 28 உருவம். நாலு திசை. ஒரு திசைக்கு எட்டுப் படம் வைத்து நடை. 28 பெருக்கல் 4 பெருக்கல் 8, மொத்தம் 896 படம். ஒன்றுக்கு இருபது நிமிடம் என்று வைத்தாலும் ஏறத்தாழ 300 மணி நேரம். வேலை முடிந்து வந்து தினமும் இரண்டு மணி நேரம் வரைந்தால் 150 நாள். இது நடை மட்டும். உப்பு வாருவது, முங்குவது, துடுப்புப் போடுவது எதுவும் சேரவில்லை. ஊர், வீடு, தோணி, கடல் எதுவும் சேரவில்லை. எனக்கு வருகிற அழைப்புகளில் பெரும்பாலானவை இந்தக் கணக்கைப் போடாமலே வருகின்றன. "கேம் ஹிட் ஆனால் பங்கு தருகிறோம்" என்று சொல்கிறார்கள். அது வருத்தமாக இருக்கிறது. நிரல் எழுதுபவர் தன் பொழுதுபோக்குக்காக எழுதுகிறார், அதை மதிக்கிறேன். என் ஐந்து மாதமும் அதே மாதிரி என்னுடையதுதான் இல்லையா?

செய்யக்கூடிய வழி இருக்கிறது. உடம்பைத் தனியாகவும் உடையைத் தனியாகவும் அடுக்காக வரையுங்கள். ஆண் ஒன்று, பெண் ஒன்று, அவற்றின் மேல் வேட்டி, தலைப்பாகை, கூடை, வலை. அடுக்குகள் மாறி மாறிச் சேரும்போது பத்து அடுக்கில் ஊரே நிறைந்துவிடும். இன்னும் தொடக்கத்தில் இருப்பவர்கள் லிபரேட்டட் பிக்சல் கப் படங்களை எடுத்துக்கொள்ளலாம். 2012-ல் ஓபன்கேம்ஆர்ட் தளத்தை மையமாக வைத்து நடந்த போட்டி. 32க்கு 32 டைல், 64க்கு 64 ஆட்கள், எல்லோரும் ஒரே பாணி வழிகாட்டியை வைத்து வரைந்ததால் யார் வரைந்ததும் யார் வரைந்ததோடும் ஒட்டும். லைசென்ஸ் சிசி பிஒய்-எஸ்ஏ 3.0, ஜிபிஎல் 3. வரைந்தவர் பெயரைப் போட வேண்டும், மாற்றி வரைந்து வெளியிட்டால் அதையும் அதே லைசென்ஸில் தர வேண்டும். படம் எடுத்த அன்றே பெயரை ஒரு கோப்பில் எழுதிவிடுங்கள். ஆறு மாதம் கழித்துத் தேடினால் கிடைக்காது.

படம் முதலில் வந்து கேம் பிறகு வந்த கதையும் உண்டு. டிக்சோர்ஸ் என்ற கேம் செய்பவர்களின் தளத்தில் ஒரு போட்டி நடந்தது. முதல் பாதியில் ஆர்டிஸ்ட்டுகள் படங்களை வைப்பார்கள், இரண்டாம் பாதியில் அந்தப் படங்களை மட்டும் வைத்து மற்றவர்கள் கேம் செய்ய வேண்டும். ஓரிக்ஸ் என்பவர் வைத்த 8க்கு 8 புள்ளி உருவங்களை எடுத்து ஒரு சின்ன டீம் செய்ததுதான் ரெல்ம் ஆஃப் தி மேட் காட். 2011-ல் முழுதாக வெளியானது. எட்டுப் புள்ளிக்குள் ஒரு மந்திரவாதி தெரிகிறார். பெரிய படம் வேண்டும் என்று யாரும் அவர்களைக் கேட்கவில்லை.

உங்கள் உப்பளம் எனக்குப் பிடித்திருக்கிறது. அறை ஓடட்டும், பிறகு என்னிடம் பேசுங்கள்.

#10 மூன்றாம்கதவு

அக்கா, 896 என்ற எண்ணைப் பார்த்ததும் பதினாலு தொழில் மூன்றாகிவிட்டது. உப்பு, முத்து, சந்தை. பங்கு தருகிறோம் என்றுதான் நாங்களும் எழுதி வைத்திருந்தோம், மன்னிக்கவும். அதை அழித்துவிட்டேன்.

#11 எழுத்துரு

தமிழ் சாட் பற்றி யாரும் தொடவில்லை, அது என் இடம்.

நல்ல செய்தி, கோடோ 4-ல் பெரும்பாலான வேலை முடிந்துவிட்டது. 2023 மார்ச்சில் வந்த 4.0-ல் ஹார்ஃப்பஸ் என்ற நிரலை வைத்து எழுத்துகளை அடுக்குகிறார்கள். அதற்கு முந்தைய 3-ல் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், தமிழே படிக்க முடியாது. ஆகவே பழைய பதிப்பில் ஆரம்பிக்க வேண்டாம். டைலுக்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று பிட்மேப் எழுத்துரு (எழுத்துகளைப் படமாக வரைந்தது) செய்யப் போனாலும் இதே சிக்கல் வரும்.

கெட்ட செய்தி பெயர்களில் இருக்கிறது. "திருநெல்வேலி" என்பது நம் கண்ணுக்கு ஆறு எழுத்து. யூனிகோடில் (எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் தரும் தரம்) 12 குறியீடு. அதைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் 36 பைட். பெயருக்கு 16 எழுத்து வரை என்று வைக்கும்போது எதை எண்ணுகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். பைட்டை எண்ணினால் திருநெல்வேலிக்காரர் தன் ஊர்ப் பெயரைப் பாதிகூட எழுத முடியாது. இன்னும் மோசம், பைட் கணக்கில் வெட்டினால் ஓர் எழுத்தின் நடுவே வெட்டுப்பட்டுக் கட்டம் கட்டமாக வரும்.

அடுத்தது ஆள்மாறாட்டம். "கொ" என்ற எழுத்தை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். க-வுடன் ஒகரக் குறி ஒன்றாகவும் சேமிக்கலாம், க-வுடன் கொம்பும் காலும் தனித்தனியாகவும் சேமிக்கலாம். திரையில் வித்தியாசமே தெரியாது, டேட்டாபேஸுக்கு அவை இரண்டு வேறு பெயர்கள். "கொற்கை" என்று ஒருவர் இருக்கும்போதே இன்னொரு "கொற்கை" வந்து உட்காரலாம், அவர் பெயரில் கடன் வாங்கலாம். பெயரைச் சேமிக்கும் முன் யூனிகோட் இயல்பாக்கம் (இரண்டு விதத்தையும் ஒன்றாக்குவது) செய்துவிடுங்கள், என்எஃப்சி என்று தேடினால் எல்லா மொழியிலும் ஒரு வரி. அது போதாது. தமிழ் எண் ௧-உம் எழுத்து க-வும் பார்க்க ஒன்று, ௨-உம் உ-வும், ௭-உம் எ-வும், ௮-உம் அ-வும் அப்படியே. இயல்பாக்கம் இவற்றைத் தொடாது. பெயரில் தமிழ் எண்களை அனுமதிக்காமல் விடுங்கள். சில எழுத்துருக்களில் ர-வும் காலும் ஒன்று போலவே இருக்கும், அதனால் எழுத்துருவைத் தேர்ந்தெடுக்கும்போது இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

மொபைலில் ஒலிபெயர்ப்பு விசைப்பலகையில் அடிக்கும்போது பாதி எழுதிய சொல் கீழே கோடிட்டு நிற்குமே, அந்த நிலையில் என்டர் அழுத்தினால் என்ன ஆகிறது என்று நிஜ போனில் சோதியுங்கள். எமுலேட்டரில் தெரியாது.

#12 மூன்றாம்கதவு

ஐந்து வாரம் கழித்து வருகிறேன்.

அறை ஓடுகிறது! முதலில் நடந்தது ஒரு நீலச் சதுரமும் ஒரு மஞ்சள் சதுரமும்தான். ஷார்ஜாவில் இருப்பவன் அம்புக்குறியை அழுத்த, என் திரையில் மஞ்சள் சதுரம் ஒரு கட்டம் தள்ளிப் போனது. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. கல்லூரி முடிந்து மூன்று வருடத்துக்கு அப்புறம் அவனோடு ஒரே இடத்தில் நின்ற மாதிரி இருந்தது.

டிக் 0.6 செகண்ட் வைத்துப் பார்த்தோம், எங்களுக்கு ரொம்ப மெதுவாகத் தெரிந்தது, 0.3 வைத்திருக்கிறோம். பெயர்கள் இயல்பாக்கம் ஆகின்றன. கல்லுக்குப் பதில் உப்புக் கூடை. சந்தைக்காகக் கோவைக்காரன் யாழ்நிரல் அண்ணா சொன்னபடி எழுத்தில் ஒரு சோதனை செய்தான். இரண்டே நாளில் என் தங்கை எல்லா உப்பையும் வாங்கிப் பதுக்கிவிட்டாள். நல்ல வேளை, இப்போதே தெரிந்தது. இனி மழை வந்தால் பதுக்கின உப்பு கரையும்.

ஒரு சிக்கல். நேற்று சர்வர் நடுவில் விழுந்து எழுந்தது. நான் சென்னைக்காரனுக்குக் கொடுத்த கூடை அவனிடமும் இருக்கிறது, என்னிடமும் இருக்கிறது.

#13 இரவுப்பணி

வாழ்த்துகள் தம்பி. நல்ல நேரத்தில் வந்த பக் (பிழை) இது, இப்போதே வந்ததற்குச் சந்தோஷப்படுங்கள். ஆட்டக்காரர்கள் வந்த பிறகு வந்தால் ஒரே இரவில் சந்தை செத்துவிடும்.

நடந்தது இப்படி இருக்கும். ஒவ்வொரு ஆளுடைய இன்வென்டரியையும் தனித்தனியாக, சில நிமிடங்களுக்கு ஒரு முறை சேமிக்கிறீர்கள். கூடை கை மாறியதும் அவன் கணக்கு சேமிக்கப்பட்டது, உன் கணக்குக்கு முறை வரும் முன் சர்வர் விழுந்தது. எழுந்தபோது உன் பழைய கணக்கை வாசித்தது, அதில் கூடை இருக்கிறது. பொருளை ஆளுக்குள் வைக்காதீர்கள். பொருளுக்கு என்று தனி அட்டவணை, ஒவ்வொரு கூடைக்கும் தனி எண், பக்கத்தில் உரிமையாளர் என்று ஒரே ஒரு கட்டம். கூடை கை மாறுவது என்றால் அந்தக் கட்டம் மாறுவது. ஒரு கூடைக்கு இரண்டு உரிமையாளர் இருக்கவே முடியாது. காசும் சேர்ந்து மாறும் வியாபாரம் என்றால் இரண்டையும் ஒரே டிரான்சாக்‌ஷனுக்குள் வையுங்கள், ஒன்று முழுதாக நடக்கும் அல்லது எதுவுமே நடக்காது. எந்தக் கூடை எப்போது யாரிடமிருந்து யாரிடம் போனது என்று ஒரு பதிவும் எழுதுங்கள், அழிக்காதீர்கள்.

சனிக்கிழமை இரவு சர்வரைத் திறந்து வையுங்கள். நாங்கள் எல்லோரும் வருகிறோம்.

#14 மூன்றாம்கதவு

வந்தவர்கள் எல்லோருக்கும் நன்றி. மொத்தம் 23 பேர். பதினேழு, பதினெட்டுப் பேர் வரை நன்றாக ஓடியது, அதற்கு மேல் எல்லோரும் நின்று நின்று குதித்தார்கள். அண்ணா கேட்டபடி பதிவை எடுத்துப் பார்த்தோம். ஒவ்வொருவருடைய இடத்தையும் எல்லோருக்கும், நகராமல் நின்றாலும், ஜேசான் என்ற உரை வடிவில் அனுப்பிக்கொண்டிருந்தோம். அதோடு ஒவ்வொரு முறையும் மேப் முழுவதும் சேர்ந்து போயிருக்கிறது. அதைக் கவனிக்கவே இல்லை.

#15 இரவுப்பணி

மேப்பை ஒரு முறை மட்டும், உள்ளே வரும்போது. நகர்ந்தவர்களை மட்டும், அதுவும் திரைக்குள் தெரிகிறவர்களுக்கு மட்டும். ஆட்கள் இரட்டிப்பானால் செய்திகள் நாலு மடங்காகும். இருபது பேர் எல்லோரும் எல்லோரையும் பார்த்தால் டிக்குக்கு 400 வரி, நாற்பது பேருக்கு 1,600. மேப்பைக் கட்டங்களாகப் பிரித்து, என் கட்டமும் சுற்றி உள்ள எட்டுக் கட்டமும் என்று வையுங்கள். ஜேசான் இப்போதைக்கு இருக்கட்டும், கண்ணால் படித்து பக் பிடிக்கலாம். பிறகு மாற்றலாம்.

#16 யாழ்நிரல்

நான் வந்திருந்தேன். உப்புக் கூடையோடு வாசலில் நின்று வழி மறித்தது நான்தான். கதவை இரண்டு கட்டம் அகலமாக வையுங்கோ. ஒரு ஆள் நின்றால் ஊரே உள்ளே வர ஏலாது.

#17 மூன்றாம்கதவு

கதவு இப்போது மூன்று கட்டம். சுற்றியுள்ள கட்டங்கள் கணக்கு எழுதிக்கொண்டிருக்கிறோம், இரண்டு வாரம் ஆகும்.

#18 பிக்சல்புள்ளி

உப்பளத்துக்கு ஆறு டைல் வரைந்து அனுப்பியிருக்கிறேன். பாத்தி, வரப்பு, பாதி விளைந்த உப்பு, முழுக்க விளைந்தது, குவியல், ஓலை போட்டு மூடிய குவியல். சிசி பிஒய்-எஸ்ஏ, கோப்பிலேயே எழுதியிருக்கிறேன். மழையில் கரையும் என்று சொன்னீர்களே, கரைந்த குவியலுக்கும் ஒன்று வேண்டுமா?